மாரியண்ணன் எடுத்த படம்

ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் யார்டுக்குப் பின்புறம் இருந்த குல்சார் பயாஸ்கோப் கொட்டகையில் விக்டோரியாவுக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தது. திரைக்கு முன்னால் என்று நினைத்துவிடாதீர்கள், பின்னால். டிக்கெட் வாங்கி வந்த சனமெல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இவள், பின்னாலும் படம் தெரியும்படி திரைத் துணியை நனைக்க வைத்த தண்ணீர் வாளி, எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு பெருச்சாளி.

ஊமைப்படக் காலம் அது. படத்தில் ஆள் வாயைத் திறப்பான், சத்தம் வராது. அவன் சொன்னதை அப்புறம் இங்கிலீஷில் எழுதிக் காட்டுவார்கள். பசுந்தாங் அரிசி மில்லிலும் கப்பல் ஜெட்டியிலும் பாடுபட்டுவிட்டு வருகிற தமிழ்ச் சனம் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதனால் திரையோரம் நின்று தமிழில் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. குல்சாரில் அந்த ஆள் ஏசுரத்தினம், விக்டோரியாவின் புருஷன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷனுக்குக் கடவுள் கொடுத்த குரல் அப்படி. யார்டில் எஞ்சின் ஊதினாலும் அதை மீறிக்கொண்டு கேட்கும். ஆனால் இங்கிலீஷ் மட்டும் அவருக்கு எட்டிக்காய். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பரிசு வாங்கியவள் விக்டோரியா. ஆகவே அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தை வாசித்து, துணி வழியாகத் தமிழில் கிசுகிசுப்பாள். துணிக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்கும் ஏசுரத்தினம் அதை வாங்கி முழங்குவார். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். "என்னா படிப்பு படிச்ச மனுசன்யா!" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்.

பின்னாலிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். ஆரம்பத்தில் விக்டோரியாவுக்குத் தலையே சுற்றியது. பிறகு வலது கோடியில் பிடித்து இடது கோடிக்குக் கண்ணை ஓட்டப் பழகிக்கொண்டாள். கொட்டகை முதலாளி அப்துல் அஜீஸ் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏன் தங்கச்சி, நீ இங்கிலீஷை நாங்க குர்ஆன் ஓதுற மாதிரில்ல வலமிருந்து படிக்கிறே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு படத்துக்காவது, முன்னால் நின்று தன் வாயால் கதை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டும் பார்த்தாள்.

"தரை டிக்கெட்டு சனம் பொம்பள குரல் கேட்டா சோடா பாட்டில் பறக்கும் தங்கச்சி. பெஞ்சியும் நாக்காலியும் என்னுது" என்றார் அஜீஸ் பாய்.

"என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டியிருக்கியா விக்டோரி? அப்ப இத்தனை நாளா இவனுக்கு என்ன தெரியும்னு நாளைக்குக் கேக்க மாட்டானா?" என்றார் ஏசுரத்தினம். ஆக, முக்காலியே கதி.

அப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவிலிருந்து மாரியன் வந்தாள். ஆள் வரவில்லை, படம் வந்தது. பம்பாயில் ஓடி, கல்கத்தாவில் ஓடி, கீறல் விழுந்து, கடைசியில் ரங்கூனுக்குக் கப்பலேறிய ஒரு சின்னப் படம். சலவைக்காரி ஒருத்தியின் கதை. தொடக்கத்தில் பெரிய எழுத்தில் 'மாரியன் லாக்வுட்' என்று ஒரு பெயர் வந்தது. விக்டோரியா துணி வழியாக, "மாரியன் எடுத்த படம்" என்றாள். பக்கத்தில் ஆர்மோனியக்காரன் போட்ட சத்தத்தில் ஏசுரத்தினத்தின் காதில் என்ன விழுந்ததோ, கையை உயர்த்தி, "நம்ம மாரியண்ணன் எடுத்த படம்!" என்று முழங்கிவிட்டார்.

கேட்க வேண்டுமா? தரையிலிருந்து, "யாருய்யா அந்த மாரியண்ணன்?" என்று ஒரு குரல். டைரக்டர் என்ற வேலைக்கு அப்போது தமிழில் பெயர் ஏது? ஏசுரத்தினம் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "படத்துக்கு அவருதான் மேஸ்திரி. எல்லாரையும் வச்சு வேலை வாங்குறவரு" என்று அடித்துவிட்டார்.

ரங்கூனில் மேஸ்திரி என்றால் லேசான சொல் இல்லை. ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கப்பலேற்றி வந்து, மில்லிலும் ஜெட்டியிலும் சேர்த்துவிட்டு, கூலியில் தன் பங்கை முதலில் உருவிக்கொள்கிறவன் மேஸ்திரி. அவன் பெயரை யாரும் வாழ்த்திச் சொன்னதில்லை. ஆகவே மாரியண்ணன் மேஸ்திரியையும் சனம் முதலில் ஒரு முறைப்போடுதான் பார்த்தது.

படம் ஓட ஓட அந்த முறைப்பு கரைந்தது. சலவைக்காரி நாள் முழுக்கக் காரத் தண்ணீரில் துணி கசக்குகிறாள். உள்ளங்கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பொழுது சாய வீட்டுக்கு வருகிறாள், தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது. தொடக் கையை நீட்டுகிறாள். நீட்டிய கை பாதியில் நிற்கிறது. கையைத் திருப்பி, புறங்கையால் பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிறாள். அவ்வளவுதான். அவள் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

முக்காலியில் இருந்த விக்டோரியா துணிப் பக்கம் குனிந்தாள். எழுத்தே இல்லாத அந்த இடத்துக்கு என்ன கிசுகிசுப்பது? "ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா இருங்க" என்றாள். சும்மா இருப்பாரா அவர்? "ஐயோ மகனே! உன்னைத் தொடக்கூட இந்தப் பாவிக்குக் கொடுத்து வைக்கலையே என்று கதறினாள்!" என்று கொட்டகை அதிர அழுது காட்டினார். அந்தச் சலவைக்காரி கஷ்டப்பட்டு மூடி வைத்ததை இந்த மனுஷன் திறந்து தெருவில் கொட்டுகிறாரே என்று விக்டோரியா வாளியை ஒரு உதை விட்டாள்.

ஆனால் தரை டிக்கெட்டில் முன் வரிசையில் ஒருத்தி அவர் அழுததைக் காதிலேயே வாங்கவில்லை. காளியம்மா என்று பெயர். பசுந்தாங்கில் அரிசி மில்லில் குருணை புடைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு, மூன்று மணி ஆட்டத்துக்குத் தன் கூட்டத்தோடு முதல் ஆளாக வந்து உட்காருவாள். "ஆத்தி! நாமளும் இப்படித்தான்டி தொடுறோம்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "உள்ளங்கை சொரசொரப்பு பிள்ளைக்கு வலிக்கும்னு புறங்கையாலதான தடவுறோம்! இது அந்த மேஸ்திரிக்கு எப்படிடி தெரிஞ்சுது?" துணிக்குப் பின்னால் விக்டோரியாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. இந்தக் கொட்டகையில் படம் பார்க்கத் தெரிந்தவள் தான் ஒருத்தி மட்டுமில்லை என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நிம்மதி.

அதிலிருந்து மாரியண்ணன் படம் என்றால் குல்சாரில் இடம் கிடைக்காது. பனி விழுகிற ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவள் கதை வந்தது. ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பெண்டாட்டிமார் அடுப்பெரித்த கதை வந்தது. அதைப் பார்க்க யார்டு ஆட்கள் கறுத்த கையோடு ஷிப்டு விட்ட சூட்டோடு ஓடி வந்தார்கள். இப்படி ஒரு மேஸ்திரியா, கூலிக்காரன் அடுப்படி வரைக்கும் வந்து பார்க்கிறானே என்று சனத்துக்கு ஆச்சரியம். லான்மடாப் பேட்டையில் ஒருவன், மாரியண்ணன் அசல் இராமநாதபுரத்து ஆள், மாரியப்பன் என்று பெயர், கப்பல் தவறி ஏறி அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று சத்தியம் பண்ணினான். தன் மாமனுக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் சொல்லிக்கொண்டான்.

விக்டோரியாவுக்கு உண்மை தெரிந்தது அந்த ரயில்வேப் படத்தில்தான். கதை ஆரம்பிக்கும் முன் ஓர் அறை தெரிந்தது. மேஜைக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடி போட்டு, காதில் பென்சில் செருகி, தலைமுடி கலைந்த ஓர் அம்மாள். நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். 'இந்தக் கதையை எழுதி இயக்கியவர், மாரியன் லாக்வுட் அம்மையார்' என்று எழுத்து வந்தது. விக்டோரியா முக்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். "என்னங்க! அவ பொம்பள! மாரியன் பொம்பள!" என்று துணியைப் பிடித்து உலுக்கினாள்.

அந்தப் பக்கம் சனம், "யாருய்யா இந்தக் கண்ணாடிக்காரம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தது. ஏசுரத்தினம் வெலவெலத்துப் போனார். இத்தனை நாளும் அண்ணன் அண்ணன் என்று முழங்கிவிட்டு இப்போது அம்மாள் என்றால் யார் மதிப்பார்கள்? தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாரியண்ணனுடைய சம்சாரம்! நம்மைக் கும்பிட்டு வரவேற்க வந்திருக்கிறார்!"

சனம் கை தட்டியது. சிலர் பதிலுக்குக் கும்பிடவும் செய்தார்கள். விக்டோரியா இருட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் புருஷனுக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

கல்கத்தாவிலிருந்து அஜீஸ் பாய்க்குப் படக்காரர்களின் பத்திரிகை வரும். அதை அவருக்கு வாசித்துச் சொல்கிற வேலையும் விக்டோரியாவுடையதே. மாரியனைப் பற்றி ஒரு துணுக்கு வந்தாலும் விடமாட்டாள். படக் கம்பெனியில் டைப் அடிக்கப் போன பெண் அவள். பிறகு பிலிம் வெட்டி ஒட்டுகிற அறைக்குத் தானாகப் போய் நின்றிருக்கிறாள். எந்த இடத்தில் வெட்டினால் பார்க்கிறவன் மூச்சு நிற்கும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாளாம். ஒரு நாள் டைரக்டர் காய்ச்சலில் படுக்க, நடிகர்கள் கை கட்டி நிற்க, நான் எடுக்கிறேன் என்று போய் நின்றுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். படம் ஓடியதும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு சொந்தக் கம்பெனி, சொந்த ஸ்டூடியோ, நடிகையின் பெயரைவிடப் பெரிதாகத் தன் பெயர். அடேயப்பா! வாசிக்க வாசிக்க விக்டோரியாவுக்குத் தன் அக்காள் தங்கச்சி யாரோ முன்னுக்கு வந்த மாதிரி பூரித்துப் போகும். டைப் அடித்தவள் எழுந்து போய் நின்றிருக்கிறாள், நாம் இன்னும் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறோமே என்று கூடவே ஓர் உறுத்தலும் வரும்.

அப்புறம் காலம் மாறியது. பெரிய கம்பெனிகள் சின்ன ஸ்டூடியோக்களை வாரி விழுங்கின. மாரியனின் ஸ்டூடியோ மூடியது. இரண்டு வருஷம் குல்சாருக்கு அவள் படமே வரவில்லை. "மாரியண்ணன் செத்துட்டாரா?" என்று காளியம்மா ஏசுரத்தினத்தை வாசலில் மடக்கிக் கேட்டாள். அவர், "சுகவீனமா இருக்காரு" என்று சொல்லித் தப்பினார். பிறகு பத்திரிகையில் ஒரு துணுக்கு. மாரியன் ஒரு பெரிய கம்பெனிக்குக் கூலிக்குப் படம் எடுக்கிறாள். டப்பாவில் மீன் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண்ணின் கதை. அதற்கு அடுத்த துணுக்கு இன்னும் சின்னது. கம்பெனியோடு தகராறு, மாரியன் விலகிக்கொண்டாள்.

மீன் தொழிற்சாலைப் படம் ரங்கூனுக்கு வந்து இறங்கியது. கூடவே வந்த படத் தாள்களில் மாரியன் பெயரைக் காணோம். ஹாரல்ட் பிரிக்ஸ் என்று யாரோ ஒருவன் பெயர் போட்டிருந்தது.

"பாய், இது மாரியன் படம். அவ எடுக்குறான்னு நானே உங்களுக்கு வாசிச்சுக் காட்டலையா?" என்றாள் விக்டோரியா.

அஜீஸ் பாய் தாடியைத் தடவினார். "எனக்கு மட்டும் ஆசையில்லையா தங்கச்சி? மாரியண்ணன்னு ஒரு வார்த்தை சொன்னா கொட்டகை ரொம்பிடும். ஆனா கம்பெனிக்காரன் என்ன பேர் போட்டு அனுப்புறானோ அதைத்தான் நாம சொல்லணும். மாத்திச் சொன்னது அவன் காதுக்குப் போச்சுன்னா அப்புறம் ஒரு படப்பொட்டியும் நம்ம பக்கம் வராது. ஏசு தம்பி, என்ன எழுதியிருக்கோ அது. புரியுதா?"

"அப்படியே ஆகட்டும் பாய்" என்றார் ஏசுரத்தினம். விக்டோரியா புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

"அவ பேரை அழிச்சுட்டாங்க. நீங்களும் சேந்து அழிக்கிறீங்க" என்றாள் வழியில்.

"நான் என்ன செய்வேன் விக்டோரி? நான் வெறும் வாய்தானே?" என்றார் அவர். அது உண்மை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. கொட்டகையில் பாதிதான் சனம். ஆபரேட்டர் கோ தின் மேலே மெஷினுக்குப் பக்கத்தில் தயாராக நின்று, "யா தே, யா தே" என்று குரல் கொடுத்தான். எல்லாம் சரி என்று அவன் பர்மியப் பாஷையில் சொல்வது அது. விளக்கு அணைந்தது. பெயர் வந்தது. விக்டோரியா கிசுகிசுக்கவில்லை. அவளைக் கேட்காமலே ஏசுரத்தினம் மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னார். "ஹாரல்ட் பிரிக்ஸ் துரை எடுத்த படம்!"

"துரை படமா? போச்சுடா!" என்று யாரோ கொட்டாவி விட்டான்.

படம் ஓடியது. கடலோர ஊர். பெரிய கூடத்தில் வரிசையாகப் பெண்கள் மீன் அரிகிறார்கள். விக்டோரியாவுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. முகத்தைக் காட்டுவதற்கு முன் கைகளைக் காட்டினாள் மாரியன். கத்தி பிடித்த கைகள், செதில் ஒட்டிய கைகள், ஒரு விரல் குறைந்த கை ஒன்று. கடலில் படகு மணி அடிக்கிறது, அத்தனை கைகளும் ஒரே சமயம் நிற்கின்றன. யார் வீட்டு ஆளுக்கு என்ன ஆயிற்றோ! அப்புறம் ஒவ்வொரு கையாக வேலை தொடங்குகிறது. ஒரே ஒரு கை மட்டும் தொடங்கவில்லை. ஐயோ, என்ன மனுஷி இவள் என்று விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பெயரை எடுத்துவிட்டார்கள், கையை எப்படி எடுப்பார்கள்?

துணிக்கு அந்தப் பக்கம் கொட்டாவி நின்றுபோயிருந்தது. படத்தில் அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறாள். திரும்பத் திரும்பக் கை கழுவுகிறாள். மீன் வாடை போகவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறாள். கையை நீட்டுகிறாள். நீட்டிய கை பாதியில் நிற்கிறது. திருப்புகிறாள். புறங்கையால் பிள்ளையின் கன்னத்தை...

"ஏய்! இது மாரியண்ணன்டி!" காளியம்மா எழுந்து நின்றேவிட்டாள். "நம்ம மாரியண்ணன் படம்டி இது! எந்தத் துரை இந்தத் தொடுகையைக் கண்டான்?"

கொட்டகை கலகலத்தது. ஆமாம், ஆமாம், அந்தச் சலவைக்காரி கை, அதே கை என்று நாலா பக்கமும் குரல். "ஏய்யா கதை சொல்றவரே! யாரு படம் இது? நெசத்தைச் சொல்லும்!" ஒரு சோடா பாட்டில் உருண்டு வந்து ஏசுரத்தினத்தின் காலில் இடித்தது. கதவோரம் அஜீஸ் பாய் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். மேலே கோ தின் எதுவும் புரியாமல் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். எழுத்து வந்தது, போனது, சொல்ல ஆளில்லை.

ஏசுரத்தினம் துணியில் வாயை வைத்தார். "விக்டோரி... என்ன சொல்லட்டும்?" அந்தப் பெரிய குரல் கோழிக் குஞ்சு மாதிரி ஒலித்தது.

விக்டோரியா முக்காலியைப் பார்த்தாள். காதில் பென்சிலோடு நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்ணாடிக்காரம்மாவை நினைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, திரை கட்டிய மூங்கிலைச் சுற்றி முன்னால் வந்து நின்றாள்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவள் நிழல் பெரிதாகத் திரையில் விழுந்தது. "மறைக்குது, மறைக்குது" என்று கத்தினார்கள். பக்கவாட்டில் ஒதுங்கினாள்.

"இது மாரியன் எடுத்த படந்தான். பேரை மாத்திட்டாங்க" என்றாள். முதல் சொல் நடுங்கியது, இரண்டாவது நடுங்கவில்லை. "அப்புறம் இன்னொண்ணு. அது அண்ணன் இல்ல. பொம்பள. அன்னிக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாங்களே, அவங்கதான் மாரியன்."

"சம்சாரம்னாரேய்யா!" என்றான் ஒருவன். சனம் ஏசுரத்தினத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பாவம், மனுஷன் திரையோடு திரையாக ஒட்டிக்கொண்டார். "பொம்பளையாவது மேஸ்திரியாவதாவது! காது குத்துறியா?" என்று பின் வரிசையில் ஒரு கனத்த குரல்.

காளியம்மா திரும்பினாள். "ஏன், உனக்கு எங்க குத்துது? பிள்ளையைப் புறங்கையால தொடணும்னு ஆம்பளைக்குத் தோணுமா? எனக்கு அப்பவே சந்தேகம். இவ மாரியக்காதான்டா!" என்றாள். பிறகு விக்டோரியாவைப் பார்த்து, "நீ யாருத்தா? உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான் திரைக்குப் பின்னாடி இருக்கேன். எழுத்தை வாசிச்சு அவருக்குச் சொல்றது நான்தான்."

"இத்தனை வருசமாவா?"

"இத்தனை வருசமா."

காளியம்மா தரையில் உட்கார்ந்தாள். "அப்ப நீயே சொல்லு. வாய் விட்டு அழாமச் சொல்லு. அவரு அழுறதுல எனக்குப் படமே பாக்க முடியறதில்ல."

அடுத்த எழுத்து வந்தது. விக்டோரியா நிமிர்ந்து பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை! வருஷக்கணக்காக வலமிருந்து இடமாக ஓடிப் பழகிய கண் வலது கோடிக்குப் போய் நின்றுகொண்டது. எல்லாம் நேராக இருந்தது, அதுதான் வினை. பரிசு வாங்கின பெண்ணுக்கு ஏ எது பி எது என்று தெரியவில்லை.

"என்னத்தா, வாயடைச்சுப் போச்சா?" என்றது பின் வரிசைக் குரல்.

விக்டோரியா எழுத்தை விட்டாள். கைகளைப் பார்த்தாள். மாரியன் எப்போது எழுத்தை நம்பிக் கதை சொன்னாள்? "படகு திரும்பி வந்துருச்சு" என்றாள் மெதுவாக. "உள்ளே ஆள் இல்ல. அவ ஒண்ணும் கேக்கல. கயித்தைப் பிடிச்சுக் கட்டுறா. முடிச்சு சரியா விழல. அவிழ்த்துட்டு மறுபடி கட்டுறா." அவ்வளவோடு நிறுத்தினாள். முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சோடா பாட்டில் எதுவும் பறக்கவில்லை. போகப் போகக் கண்ணும் வழிக்கு வந்தது, எழுத்தும் கூடியது. ஆனால் பாதி இடங்களில் அவள் பேசவே இல்லை. பேசாத இடங்களில்தான் சனம் அசையாமல் இருந்தது.

படம் முடிந்து விளக்கு வந்தபோது காளியம்மா கிட்டே வந்தாள். கையை நீட்டி, திருப்பி, புறங்கையால் விக்டோரியாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அதுவரை தாங்கியவள் அப்போது உடைந்து அழுதாள்.

அஜீஸ் பாய் திட்ட வந்தவர், மறு ஆட்டத்துக்கு வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் கேட்டா, சனம் சொன்னுச்சு, நாங்க சொல்லலன்னு சொல்லிக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஏசுரத்தினத்தைத்தான் காணோம். தேடினால், திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்திலேயே அங்கே போய்விட்டாராம்.

"எல்லாம் திரும்பித் தெரியுது விக்டோரி" என்றார், முகத்தைக் காட்டாமல். "இதையா நீ இத்தனை நாளா வாசிச்சே?"

எழுந்து வெளியே போனார். வாசலில் மோஹிங்கா என்ற பர்மாக்காரர் மீன்குழம்புச் சேவை விற்கிறவளிடம் இரண்டு கிண்ணம் வாங்கி, பெரியதை அவளிடம் கொடுத்தார்.

அமெரிக்காவில் மாரியனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவள் பெயரை அங்கே திரும்பப் போட்டார்களா என்பதும் குல்சாருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் படம் எதுவும் வரவில்லை. வந்த படங்களையே அஜீஸ் பாய் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் போட்டார்.

முதல் தடவை அப்படிப் போட்டபோது, ஒரு புதன்கிழமை காலையில், விக்டோரியா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். படத்துக்கு விளம்பரம் கூவிப் போகிற மாட்டுவண்டி மேளச் சத்தத்தோடு தெருமுனையில் திரும்பியது. வண்டியில் விளம்பரத் தாளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றது ஏசுரத்தினம். யார்டில் எஞ்சின் ஒன்று ஊதியது. அவர் குரல் அதை மீறிக்கொண்டு வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு! குல்சார் கொட்டகையில்! சலவைக்காரி படம்! படத்தை எடுத்தது மாரியக்கா! கதை சொல்றது விக்டோரியா!"

வீட்டுக்கு நேரே வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். அண்ணாந்து அவளைப் பார்த்தார். கடைசி வரியை இன்னொரு தடவை, தெரு முழுக்கக் கேட்கும்படி, கூவினார்.